கடலோர பங்களா: நாலு குடும்பம் சேர்ந்தால் நமக்கும் எட்டும்!

கடலோரத்தில் ஒரு பங்களா. சுற்றிலும் தென்னையும் பாக்கும். பின்பக்கம் கல் கட்டிய கிணறு. தாழ்வாரத்தில் ஊஞ்சல். கேட்டைத் திறந்து நூறு அடி நடந்தால் கடற்கரை மணல்.

"இதெல்லாம் மலபார் ஹில்காரர்களுக்கு. நமக்கு எதற்கு?" என்று தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் இருப்பவர்கள் நினைப்பது உண்டு. ஒரு காலத்தில் அது சரி. இன்று அப்படி இல்லை.

மும்பைத் துறைமுகத்தைத் தாண்டி எதிர்க்கரையில் இருக்கிறது அலிபாக். ராய்கட் மாவட்டத்தின் தலைநகர். அந்தக் கரையில் வடக்கே மாண்ட்வாவில் தொடங்கி, சாசவணே, ஆவாஸ், கிஹிம், தள், வர்சோலி, அலிபாக், ஆக்ஷி, நாகாவ், சௌல், ரேவ்தண்டா என்று தெற்கே வரிசையாக ஊர்கள். இந்த ஊர்களில் நூற்றுக்கணக்கான பங்களாக்கள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஓர் அறை அல்ல, முழு வீடே கிடைக்கும். சமையல்கட்டு, கூடம், மொட்டை மாடி, தோட்டம் எல்லாம் சேர்த்து.

தனி ஒருவர் எடுத்தால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்று நாலு குடும்பம் சேர்ந்து எடுத்தால் கணக்கே வேறு.

ஆனால் சேர்த்து வைத்த காசு வீணாகாமல் இருக்க வேண்டும். போன பிள்ளைகள் பத்திரமாகத் திரும்ப வேண்டும். சேர்ந்து போன உறவு சண்டையில் முடியாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் முன்கூட்டியே யோசித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

ஒரே கூரையின் கீழ்

மும்பைத் தமிழர் வாழ்க்கையில் பெரிய குறை இடம்தான். பத்துக்குப் பத்து கோலியில் ஐந்து பேர். அண்ணன் தாராவியில், தம்பி டோம்பிவிலியில், தங்கை அம்பர்நாத்தில். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் வந்தால் உட்காரவே இடம் இல்லை. ராத்திரி தங்குவது எங்கே? ஒரே நகரத்தில் இருந்தும், கல்யாணத்திலும் துக்க வீட்டிலும் தவிர எல்லோரும் ஒன்றாகக் கூடுவது கிடையாது.

ஊருக்குப் போய்க் கூடலாம் என்றால் ரயில் டிக்கெட் கிடைக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. மே மாதம் திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ பதினாறு பேருக்கு ஒரே வண்டியில் இடம் பிடிப்பது குதிரைக் கொம்பு. போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். தினக்கூலிக்காரருக்கு அதுவும் சம்பள நஷ்டம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ அப்பாவோ, மகன் வீட்டில் பத்து நாள், மகள் வீட்டில் பத்து நாள் என்று லோக்கல் ரயிலில் பெட்டியோடு அலைவதுதான் மிச்சம். பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும், பேரன் பேத்திகளையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துப் பார்க்க அவர்களுக்கு ஆசை இருக்காதா? கடலோர பங்களா அந்த ஆசையை இரண்டு நாளைக்கு நிறைவேற்றும்.

அலி தோட்டம்

அலி என்பவரின் தோட்டம் இருந்ததால் அலிபாக் என்று பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கம் தோட்டங்கள்தான் அழகு. மராத்தியில் 'வாடி' என்பார்கள். தென்னை, பாக்கு, நடுவே ஒரு வீடு.

மும்பையின் வசதிக்காரர்கள் வெகு காலமாகவே இங்கே ஓய்வு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். வாரக் கடைசியில் வருவார்கள். மற்ற நாளில் வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் காவல்காரர் சம்பளம், மின்சாரம், தோட்டச் செலவு உண்டு. அதனால் வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். பிறகு வாடகைக்கு விடுவதற்கென்றே புதிதாகக் கட்டினார்கள். உள்ளூர் விவசாயிகளும் தங்கள் வாடியில் நாலு அறை கட்டி, வீட்டுச் சாப்பாட்டோடு கொடுக்கிறார்கள். சிக்கனக்காரர்களுக்கு ஏற்றது இந்த மூன்றாவது வகை.

கிஹிம் ஊருக்கு வேறொரு பெருமையும் உண்டு. பறவை நிபுணர் சாலிம் அலி 1930-ல் ஜெர்மனியிலிருந்து திரும்பியபோது அவருக்கு வேலை இல்லை. மனைவியோடு கிஹிமுக்கு வந்து தங்கினார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதைப் பார்த்துப் பார்த்து எழுதியதுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ஆராய்ச்சி. வேலை இல்லாத காலத்தில் தங்கிய கடலோர வீடு, ஒரு மேதையை உருவாக்கிவிட்டது!

போகும் வழி

நாலு வழி இருக்கிறது.

முதல் வழி, கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகு. சுமார் ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா. அங்கிருந்து படகுக் கம்பெனியின் பஸ்ஸே அலிபாகில் கொண்டுபோய் விடும். அதற்கும் சேர்த்துத்தான் டிக்கெட். மழைக்காலத்தில் இந்தப் படகுகள் ஓடாது.

இரண்டாவது, பாவுச்சா டக்காவிலிருந்து மாண்ட்வாவுக்குப் போகும் 'ரோ-ரோ' கப்பல். 2020 மார்ச்சில் தொடங்கியது. கார், மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும். வேன் பிடித்துப் போகிறவர்களுக்கு வசதி.

மூன்றாவது, எஸ்.டி. பஸ். பன்வெல், பேண், வட்கல் வழியாக நூறு கிலோ மீட்டர் அளவு. செலவு குறைவு, வட்கல் பக்கம் நெரிசல் இருந்தால் நேரம் கூடும்.

நாலாவது, சொந்த வண்டி அல்லது வாடகை வேன். 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது பாலத்தில் போனால் சிவ்டியிலிருந்து கடலைத் தாண்டி உரண் பக்கம் இறங்கிவிடலாம். பாலத்தின் நீளம் 21.8 கிலோ மீட்டர். நேரம் மிச்சம், ஆனால் சுங்கம் கட்ட வேண்டும். ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் பாலத்தில் போகக் கூடாது.

எப்போது போவது? சனி, ஞாயிறு போனால் வாடகை உச்சத்தில் இருக்கும். ஞாயிறு மாலை வசதிக்காரர்கள் எல்லாம் மும்பைக்குத் திரும்புவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே போங்கள்! ஞாயிறு மதியம் புறப்பட்டு, செவ்வாய் காலை வரை தங்கினால் அதே பங்களா மிகக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். பேரம் பேசவும் முடியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தெரியாது. டிசம்பர் கடைசி வாரம் மட்டும் வேண்டாம். அப்போது சொன்னதுதான் விலை.

தலைக்கு எவ்வளவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது மாதிரிக் கணக்குத்தான். விசாரித்து வரும் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

நாலு குடும்பம், மொத்தம் 16 பேர். வார நாளில் மூன்று படுக்கையறை பங்களா ஓர் இரவுக்கு 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரவுக்கு 24,000. சாப்பாடு, டீ, பலகாரம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 500 வீதம் இரண்டு நாளைக்கு 16,000. போக வரப் பயணம் தலைக்கு 500 வீதம் 8,000. ஆட்டோ, சில்லறைச் செலவு, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் என்று 4,000. ஆக மொத்தம் 52,000.

தலைக்கு 3,250 ரூபாய். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 13,000. ஒரே நேரத்தில் எடுத்து வைப்பது கஷ்டம்தான். மாதம் 1,100 ரூபாய் சீட்டுப் போல ஒதுக்கினால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். மராத்தியர்கள் இதை 'பிஷி' என்பார்கள். வீட்டுப் பெண்களில் கணக்கில் கெட்டிக்காரியான ஒருவர் கையில் பணத்தைக் கொடுத்து வைத்தால் காசு நிற்கும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். அண்ணன் ஆபீஸ் குமாஸ்தா. லீவு போட்டாலும் சம்பளம் உண்டு. தம்பி பட்டறையில் தினக்கூலி. இரண்டு நாள் போனால் இரண்டு நாள் கூலியும் போச்சு. இருவரும் சரிசமமாகக் கொடுக்க வேண்டும் என்பது கணக்குக்குச் சரி, மனசுக்குச் சரியல்ல.

பெரும்பாலான சண்டை இங்கேதான் பிறக்கிறது. புறப்படும் முன்பே பேசிவிட வேண்டும். வாடகையை வருமானம் உள்ளவர்கள் அதிகம் ஏற்றுக்கொண்டு, சாப்பாட்டைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது ஒரு வழி. பணம் குறைவாகக் கொடுப்பவர் சமையல் சாமான், அரிசி, எண்ணெய் வாங்கி வருவது இன்னொரு வழி. அம்மா, அப்பா பங்கை நாலு பிள்ளைகளும் பிரித்துக்கொள்ளலாம். எந்த வழியானாலும், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைப் பிள்ளைகள் காதில் போடக் கூடாது. போட்டால் தம்பி மகனிடம் அண்ணன் மகன் சொல்லிக் காட்டுவான். அதோடு உல்லாசம் முடிந்தது.

பேசும்போது கேட்க வேண்டியவை

படத்தில் பார்த்தால் எல்லா பங்களாவும் அரண்மனைதான். கீழ்க்கண்டவற்றைக் கேட்காமல் சம்மதம் சொல்லாதீர்கள்.

1. எத்தனை பேருக்கு இந்த வாடகை? கூடுதல் ஆளுக்கு எவ்வளவு? பிள்ளைகளுக்கு எந்த வயது வரை இலவசம்? 12 பேர் என்று சொல்லிவிட்டு 16 பேர் போய் இறங்கினால் வாசலிலேயே தகராறு.

2. குளியலறை, கக்கூஸ் எத்தனை? பதினாறு பேருக்கு இரண்டே இரண்டு என்றால் காலையில் சால் வரிசைதான். அதற்கு மும்பையிலேயே இருந்துவிடலாம். தரையோடு உள்ள கழிவறை வேண்டுமா, மேலை நாட்டு மாதிரி வேண்டுமா என்பதை முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்காகக் கேளுங்கள்.

3. தரைத்தளத்தில் படுக்கையறை உண்டா? பெரியவர்கள் ராத்திரியில் மாடிப்படி ஏறக் கூடாது.

4. தண்ணீர் கிணறா, குழாயா? குடிக்கும் தண்ணீர் தனியா? மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் உண்டா?

5. சமையல்கட்டில் கேஸ், பாத்திரம் உண்டா? அதற்குத் தனிக் கட்டணமா? அசைவம் சமைக்கலாமா? சில பங்களாக்களில் சைவம் மட்டும்தான். மீனை வாங்கிக்கொண்டு போன பிறகு தெரிந்தால் பிரயோஜனம் இல்லை.

6. எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும்? பன்னிரண்டு மணிக்கு நுழைந்து மறுநாள் பத்து மணிக்கு வெளியேறுவதை 'ஒரு நாள்' என்று கணக்கிடுவார்கள்.

7. கடல் எவ்வளவு தூரம்? 'கடலுக்குப் பக்கம்' என்றால் நூறு அடியும் ஆகலாம், இரண்டு கிலோ மீட்டரும் ஆகலாம். நடந்து போக எத்தனை நிமிஷம் என்று கேளுங்கள்.

8. நீச்சல் குளம் இருந்தால் எவ்வளவு ஆழம்? சுற்றி வேலி உண்டா? காப்பாற்ற ஆள் இருக்க மாட்டார். குளத்துக்கு அருகே எப்போதும் பெரியவர் ஒருவர் முறை வைத்து உட்கார வேண்டும்.

9. டெபாசிட் எவ்வளவு? எப்போது திரும்பத் தருவார்கள்? உள்ளே போனதும் உடைந்த கண்ணாடி, ஓடாத விசிறி எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக் காவல்காரரிடம் காட்டிவிடுங்கள். பிறகு உங்கள் தலையில் கட்ட முடியாது.

10. வர முடியாமல் போனால் முன்பணம் திரும்புமா?

முன்பணம் பத்திரம்

இல்லாத பங்களாவுக்கு முன்பணம் வாங்கி ஏமாற்றும் கூட்டம் இருக்கிறது. வேறு யாருடைய பங்களாவின் படத்தையோ போட்டு, பாதி வாடகைக்குத் தருவதாகச் சொல்வார்கள். "இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள், உடனே பணம் போடுங்கள்" என்று அவசரப்படுத்துவார்கள். குடும்பத்தோடு பெட்டி படுக்கையுடன் போய் இறங்கினால், அந்த விலாசத்தில் வேறு யாரோ இருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தில் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் எல்லாவற்றையும்விட நல்லது. ஒரு நாள் செலவு; பத்து பங்களாவைப் பார்த்து விலை ஒப்பிட்டும் விடலாம். முடியாவிட்டால் வீடியோ அழைப்பில் கேட்டிலிருந்து சமையல்கட்டு வரை காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் விட்டுவிடுங்கள். மாநில சுற்றுலாத் துறையில் பதிவு செய்த வீடா என்றும் கேட்கலாம்.

முழுத் தொகையையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் கொடுத்து, மீதியைச் சாவி வாங்கும்போது கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீதோ, எழுத்தில் ஒரு செய்தியோ வாங்குங்கள். "டெபாசிட்டைத் திருப்பி அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று சொன்னால் அது மோசடி. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

கட்டடம் சட்டப்படி கட்டியதா என்பதும் கவனிக்க வேண்டியதே. கடலோரக் கட்டுமானத்துக்கு 1991 முதல் மத்திய அரசின் கட்டுப்பாடு இருக்கிறது. 2019 மார்ச்சில், கிஹிம் கடற்கரையில் பிரபல வைர வியாபாரி ஒருவரின் பிரம்மாண்டமான பங்களாவை, விதியை மீறியது என்று மாவட்ட நிர்வாகம் வெடி வைத்துத் தகர்த்தது. கோடீசுவரர் பங்களாவுக்கே அந்தக் கதி!

கொங்கண் கடல் வேறு!

இந்தக் கட்டுரையில் மறக்கக் கூடாத பகுதி இதுதான்.

திருச்செந்தூர், தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர்கள் "நாங்கள் பார்க்காத கடலா?" என்பார்கள். பார்த்ததுதான் ஆபத்து! நம் ஊர்க் கடலில் நீர் ஏறுவதும் இறங்குவதும் ஒரு மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். மும்பை, அலிபாக் கடலில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நாலு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். ஒரு மாடி உயரம்! காலையில் அரை கிலோ மீட்டர் மணல் தெரிந்த இடத்தில் மதியம் தலைக்கு மேல் தண்ணீர் நிற்கும்.

கரை தட்டையாக இருப்பதால், நீர் ஏறும்போது பக்கவாட்டுப் பள்ளங்களில் முதலில் நிரம்பும். முன்னால் நிற்பவருக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் கரைக்கும் அவருக்கும் நடுவே ஓடை போல தண்ணீர். இறங்கும்போதோ, காலை இழுத்துக்கொண்டு போகும்.

2016 பிப்ரவரி முதல் தேதி, அலிபாகுக்குத் தெற்கே உள்ள முருட் கடற்கரையில் புனேயிலிருந்து சுற்றுலா வந்த 14 கல்லூரி மாணவ மாணவிகள் மூழ்கி இறந்தார்கள். புயல் இல்லை, மழை இல்லை. குளிக்கப் போன பிள்ளைகள்.

ஏற்றத்தை மராத்தியில் 'பர்தி' என்றும், வற்றத்தை 'ஓஹோட்டி' என்றும் சொல்வார்கள். "பர்தி கெவ்ஹா ஆஹே?" என்று எந்தக் கோலி மீனவரிடமும் கேளுங்கள், நேரம் சொல்வார்.

கொங்கண் கரைக்காரர்கள் கைவசம் எளிய கணக்கு ஒன்று உண்டு. உங்கள் வீட்டு நாள்காட்டியில் திதி போட்டிருக்கும் அல்லவா? அந்தத் திதியின் எண்ணை முக்காலால் பெருக்குங்கள். வரும் விடைதான் ஏற்றம் உச்சத்தில் இருக்கும் மணி. சதுர்த்தி என்றால் 4. முக்காலால் பெருக்கினால் 3. பகல் மூன்று மணிக்கும் ராத்திரி மூன்று மணிக்கும் ஏற்றம். ஆறு மணி நேரம் கூட்டினால் ஒன்பது, அது வற்றம். அஷ்டமி என்றால் ஆறு மணிக்கு ஏற்றம், பன்னிரண்டுக்கு வற்றம். பௌர்ணமி, அமாவாசைக்குப் பதினொன்றேகால், பன்னிரண்டு அளவில் ஏற்றம். வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் இதே கணக்கு. இது உத்தேசம்தான், அரை மணி, முக்கால் மணி முன்பின் இருக்கும். அதனால் உள்ளூர்க்காரரிடமும் கேட்டே இறங்க வேண்டும்.

முழங்காலுக்கு மேல் தண்ணீரில் யாரும் போகக் கூடாது. வற்றத்தை நம்பி தூரம் நடக்கக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகும், குடித்த பிறகும் கடல் பக்கமே போகக் கூடாது. வாழைப்பழப் படகு, பாராசூட் விளையாட்டு எதுவானாலும் மிதவைச் சட்டை இல்லாமல் ஏறக் கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடல் கொந்தளிப்பு. கரையில் நின்று பார்ப்பதோடு சரி. வேனை மணலில் இறக்கினால் சக்கரம் புதையும். ஏற்றம் வந்தால் வண்டியே போகும்.

அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 108. அலிபாகிலேயே மாவட்ட அரசு மருத்துவமனை இருக்கிறது.

அடுப்படியில் யார்?

ஆண்கள் கடலுக்குப் போவார்கள். பிள்ளைகள் மணலில் விளையாடுவார்கள். பெண்கள் பதினாறு பேருக்குச் சமைத்துப் பாத்திரம் கழுவுவார்கள். பல குடும்பங்களில் உல்லாசப் பயணம் என்பது இதுதான். மும்பையில் ஐந்து பேருக்குச் சமைத்தவருக்கு இங்கே பதினாறு பேர். இதற்குப் பெயர் ஓய்வா?

இந்த ஊர்களில் வீட்டுச் சாப்பாடு செய்து கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அரிசி மாவு பாக்ரி, மீன் குழம்பு, வறுத்த மீன், கோக்கமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த சோல்கடி என்று வாய்க்கு ருசியாக வரும். சைவத்துக்கு வால் பருப்பு, காய்கறி. குளிர்காலத்தில் மண்பானையில் காய்களை அடைத்து, சுற்றிலும் தீ மூட்டிச் சமைக்கும் 'போப்டி' என்ற பண்டம் விசேஷம். காரம் எவ்வளவு என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் நாள் மதியத்துக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போனால், மற்ற வேளைகளை அவர்களிடம் விட்டுவிடலாம். சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தைக் கணக்கில் முதலிலேயே சேர்ப்பது அதற்காகத்தான்.

பங்களாவின் காவல்காரர் பெரும்பாலும் பின்பக்கத்துச் சிறு வீட்டில் குடும்பத்தோடு இருப்பார். உங்களைப் போலவே உழைப்பாளி. 'தாதா' என்றும், அவர் மனைவியை 'தாயி' என்றும் அழைத்துப் பேசிப் பாருங்கள். நல்ல மீன் எங்கே கிடைக்கும் என்பது முதல் பாம்பு நடமாட்டம் வரை எல்லாம் சொல்வார். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் அனுமதிக்காது. பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு அந்தாக்ஷரி விளையாடலாம்.

தென்னை மரத்தடியில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். தேங்காய்க்குக் கண் கிடையாது.

பார்க்கச் சில இடங்கள்

அலிபாக் கரைக்கு எதிரே கடலுக்குள் நிற்கிறது குலாபா கோட்டை. சிவாஜி மகாராஜா உத்தரவில் 1680-ல் வேலை தொடங்கியது. பிறகு கடற்படைத் தளபதி கான்ஹோஜி ஆங்ரேயின் தளமாக விளங்கியது. உள்ளே பிள்ளையார் கோவிலும், கடல் நடுவிலும் நல்ல தண்ணீர் தரும் கிணறும் உண்டு. வற்றத்தில் நடந்தே போகலாம். குதிரை வண்டியும் ஓடும். ஏற்றம் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும். எல்லா நாளும் வழி முழுதாக வற்றாது.

ஊருக்குள்ளே பூமியின் காந்த சக்தியை அளக்கும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மும்பைக் கொலாபாவில் இருந்த இது, மின்சார டிராம் வந்தால் கருவிகள் தடுமாறும் என்று 1904-ல் இங்கே மாற்றப்பட்டது. மாப்காவ் பக்கம் மலை மேல் கனகேசுவரர் கோவில். நூற்றுக்கணக்கான படிகள் ஏற வேண்டும். திரும்பும்போது அலிபாக் வெள்ளை வெங்காயச் சரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இனிப்பான வெங்காயம். 2022-ல் புவிசார் குறியீடு பெற்றது.

இவற்றையெல்லாம் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. அம்மா தாழ்வாரத்து ஊஞ்சலில் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் பேரப்பிள்ளைகள் படுத்து ஊர்க்கதை கேட்டால் அதுவே போதும். மும்பையில் பிறந்த பிள்ளைகளுக்குச் சித்தப்பா மகனும் அத்தை மகளும் போனில் தெரியும் முகங்கள்தான். இரண்டு ராத்திரி ஒரே பாயில் படுத்து எழுந்தால் அவர்கள் உறவினர் ஆகிவிடுவார்கள்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டவர்கள் பலர் பிறகு வருந்தியது உண்டு. இந்த மாதமே நாலு வீட்டிலும் பேசி, சீட்டைத் தொடங்குங்கள். புறப்படும் நாள் குறிக்கும்போது நாள்காட்டியில் விடுமுறையைப் பாருங்கள், திதியையும் பாருங்கள்.